தாட்சண்யம் பார்த்த நிறுத்தம்

2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினாறாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு அவரை நான் முதன்முதலாகச் சந்தித்தேன். ஆய்வு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் தொகுத்து எழுதும் வேலையில் நான் சேர்ந்த புதிது. ஒவ்வொரு பிரிவுக்கும் போய், அங்கே நடப்பது என்ன என்று கேட்டு, அதைப் பிறருக்குப் புரியும் உரைநடையில் எழுத வேண்டும். புரதம் பிரிக்கும் அறையின் கதவைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்து, கண்ணில் பட்ட நாற்காலியில் உட்காரப் போனேன். ஜன்னலோரம் முதுகு காட்டி நின்றிருந்த பெண்மணி திரும்பிக்கூடப் பார்க்காமல் பேசினார்.

"அதுல உக்காராதீங்க சார். ஜெல் காயுது. உக்காந்தா எனக்கு ஒரு வார உழைப்பு போயிடும், உங்களுக்கு ஒரு பேண்ட் போயிடும். அந்த நீலம் எந்த சோப்புக்கும் மசியாது."

நின்றுகொண்டே குறிப்பெடுத்தேன். நிறுவனத்தில் எல்லாரும் அவரைப் பட்டை மேடம் என்று அழைத்தார்கள். காரணத்தை அன்றே தெரிந்துகொண்டேன். புரதங்களை வழவழப்பான ஒரு ஜெல் பாளத்தின் தலைப்பில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், சிறியவை விரைந்து கீழே ஓடும். பெரியவை மூச்சு வாங்கி மேலேயே நின்றுவிடும். பிறகு சாயத்தில் ஊறவைத்தால் ஒவ்வொன்றும் நின்ற இடத்தில் ஒரு நீலப் பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதே அவருடைய தொழில். தமக்கு இட்ட பெயரைப் பற்றி அவருக்குக் குறையே இல்லை. "நல்லவேளை, பேரு வச்சவங்க ஜெல்லைப் பார்த்து வச்சாங்க. என் தலைமுடியைப் பார்த்து வச்சிருந்தா என்னாயிருக்கும்" என்பார். அவருடைய தலைமுடி எந்தச் சீப்புக்கும் அடங்காதது. ஒரு பென்சிலைக் குத்தி நிறுத்தி வைத்திருப்பார். அப்புறம் அந்தப் பென்சிலையே அறை முழுக்கத் தேடுவார்.

அவருடைய தகப்பனார் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். கடைசி நிறுத்தம் வந்து எல்லாரும் இறங்கிய பிறகு, வண்டியின் நடுவில் நடந்து ஒவ்வோர் இருக்கைக்கும் அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பணிமனைக்கு ஓட்டுவாராம். தூங்கிப்போன பயணி ஒருவர் இருட்டுக் கொட்டகையில் கண்விழிக்கக் கூடாதே என்ற கவலை. அந்தக் குனிந்து பார்க்கும் குணம் இளைய மகளான பட்டை மேடத்துக்கு அப்படியே வந்திருந்தது. மூத்த மகளுக்குத் தகப்பனாரின் இன்னொரு குணம் வந்திருந்தது: கோபம் வந்தால் பேசமாட்டார்.

சகோதரிகள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கீழ்த்தளத்தில் அக்காவும் அவருடைய கணவரும். மாடியில் பட்டை மேடம் தனியாக. திருமணத்தைப் பற்றி யாராவது கேட்டால், "நம்ம ஜெல்லு ஓடி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் வரும். ஜெல் ஓடி முடிவதே இல்லை என்பது கேட்டவருக்குப் பிறகுதான் உறைக்கும். சமையல் கீழேதான். தயாரானதும் அக்கா மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியில் கரண்டியால் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் மாடியில் என்ன வேலை இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு இறங்க வேண்டும். தட்டியும் வராவிட்டால் மறுபடி தட்டும் வழக்கம் அக்காவுக்குக் கிடையாது.

அக்காவின் கணவரும் அதே நிறுவனத்தில்தான் வேலை பார்த்தார். பாக்டீரியாக்களைப் பெரிய எஃகுக் கலனில் வளர்க்கும் அறை அவருடைய பொறுப்பு. கலனைக் கொப்பரை என்று சொல்லிச் சொல்லி அவருக்கே கொப்பரை அண்ணன் என்று பெயர் வந்துவிட்டது. அதற்கு முன் பால் பதப்படுத்தும் ஆலையில் நெடுநாள் இருந்தவர். அங்கே பழகிய சுத்தம் அவருடைய உடம்பில் ஊறியிருந்தது. வீட்டுக்கு வந்தாலும் முதலில் கையைக் கழுவிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார், பிறகு மறுபடியும் கழுவுவார். நிறுவன வாசலுக்குள் அவர் மைத்துனியை மேடம் என்பார். மைத்துனி அவரைச் சார் என்பார். வாசலைத் தாண்டியதும் அவர் அத்தான் ஆகிவிடுவார். இவர் சின்னவள் ஆகிவிடுவார். இந்த வேடிக்கை நிறுவன ஊழியர் அனைவருக்கும் தெரியும்.

அவர்கள் தயாரித்தது ஒரு ரத்தப் பரிசோதனைக் கிட்டுக்கு வேண்டிய புரதம். அதைச் செய்யும் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்துவிடுவார்கள். கொப்பரையில் அது பெருகி, தன் புரதங்களோடு சேர்த்து இதையும் செய்து தரும். கொப்பரை அண்ணன் வளர்த்துக் கொடுப்பதைப் பட்டை மேடம் பிரித்துச் சுத்தம் செய்து, ஜெல்லில் ஓட்டிப் பார்த்து, ஒரே ஒரு பட்டை தெரிந்தால் கையெழுத்திட்டு அனுப்புவார்.

எனக்கு அறிமுகமாகி ஓரிரு ஆண்டு கழிந்தபின் ஒரு காலையில், அந்த ஒரு பட்டைக்கு மேலே இன்னொன்று தெரிந்தது. மெலிந்தது. பார்வையைச் சற்றே விலக்கினால் மறைந்துவிடும் போல இருந்தது. வேறொருவர் என்றால் சாயக் கறை என்று கடந்து போயிருப்பார். பட்டை மேடம் மறுபடி ஓட்டினார், மறுபடியும் இருந்தது. முந்தைய தொகுதிகளின் மிச்சத்தை எடுத்து ஓட்டினார். சிலவற்றில் இருந்தது, சிலவற்றில் இல்லை. இந்தக் கூடுதல் புரதம் கலந்த கிட், நோயில்லாதவரின் ரத்தத்திலும் நோய் இருப்பதாக லேசாக ஒரு கோடு காட்டக்கூடும். நோயில்லாத ஒருவர் வீட்டுக்குப் போய் உயிலெழுத உட்கார்ந்துவிடக் கூடும். ஆகவே எல்லாம் ஓட்டி முடித்த அன்றே துறைத்தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

துறைத்தலைவர் கெட்டவர் அல்லர், அவசரக்காரர். கூடுதல் பட்டை என்றால் கொப்பரைக்குள் வேறொரு கிருமி புகுந்திருக்கிறது, அதாவது வளர்க்கும் அறையில் சுத்தம் போதவில்லை என்பது அவருடைய முடிவு. எல்லாத் தொகுதிகளையும் நிறுத்திவைத்தார். கொப்பரை அண்ணனின் பணி ஒப்பந்த அடிப்படையிலானது. மாத இறுதியில் புதுப்பிக்க வேண்டும். காரணம் தெளிவாகாவிட்டால் புதுப்பிக்க இயலாது என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. வேலை போவதைக் காட்டிலும், அசுத்தம் என்ற சொல் கொப்பரை அண்ணனைக் கொன்றது. அன்று மாலை அவர் அந்த அறையைத் தரையிலிருந்து கூரைவரை துடைத்தார். துடைத்த துணியையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் போனார்.

அன்றிலிருந்து கைப்பிடிக் கம்பியில் கரண்டிச் சத்தம் கேட்கவில்லை. சாப்பாடு படிக்கட்டின் மூன்றாம் படியில் ஒரு டப்பாவில் வந்து உட்கார்ந்திருக்கும். அக்கா தங்கையிடம் பேசவில்லை. தங்கை காதில் விழும்படி பாத்திரங்களிடம் பேசினார்.

"சில பேருக்குக் கூடப்பொறந்தவ தாலி பெருசில்ல. கண்ணாடித் தட்டுல தெரியுற கோடுதான் பெருசு" என்று ஒரு நாள் பால் பாத்திரத்திடம் சொன்னார்.

பட்டை மேடம் படியில் நின்று கேட்டுவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். பிற்பாடு எனக்குச் சொன்னார்: "அவ சொன்னதுல தப்பில்ல சார். நான் பார்த்ததுலயும் தப்பில்ல. ரெண்டுக்கும் நடுவுல நான் ஒக்காந்து சோறு தின்னேன்."

பட்டையைப் பார்த்த குற்றத்துக்கு அத்தானின் வேலை போகும். பார்க்காதது போல இருந்திருந்தால் யாரோ முகமறியாதவர் பயந்து சாவார். இந்த இரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்றுதான் இருந்தது: அந்தப் பட்டை என்ன என்று கண்டுபிடிப்பது. மாத இறுதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அவருக்குத் தொடக்கத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது. வேற்றுக் கிருமி புகுந்தால் நூறு விதமான புரதங்கள் வந்து ஜெல்லே மழையில் நனைந்த சுவர் போல ஆகிவிடும். இங்கே ஒன்றே ஒன்றுதான், அதுவும் எப்போதும் ஒரே உயரத்தில். யாரோ வெளியாள் வந்தது போல இல்லை. வீட்டு ஆளே சற்று உயரமாகிவிட்டது போல இருந்தது. அதை எனக்கு விளக்க அவர் தகப்பனாரின் பேருந்தைத்தான் எடுத்துக்கொண்டார்.

மரபணுவின் நகலை பாக்டீரியாவுக்குள் இருக்கும் ரைபோசோம் என்னும் நுண்ணிய பொறி மூன்று மூன்று எழுத்தாகப் படித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஒரு நிறுத்தம். ஒவ்வொன்றிலும் ஓர் அமினோ அமிலம் ஏறிக்கொள்ளும். ஏறியவை எல்லாம் ஒரு சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். அந்தச் சங்கிலிதான் புரதம். ஆனால் சில மூன்றெழுத்துகளில் யாரும் ஏறக் கூடாது. அவை கடைசி நிறுத்தங்கள். அங்கே நடத்துநர் ஒருவர் வந்து, எல்லாரும் இறங்குங்க என்று சங்கிலியை அவிழ்த்து இறக்கிவிடுவார். கடைசி நிறுத்தத்துக்கு மூன்று விதமான எழுத்துக்கோவைகள் உண்டு. அவற்றில் ஒன்று மட்டும், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தின் நிறுத்தத்தைப் போலவே இருக்கும்; கடைசி எழுத்து மட்டும்தான் வித்தியாசம். நடத்துநர் சற்றே தாமதித்தால், டிரிப்டோஃபானைச் சுமந்து வருபவர் இதுதான் தம் நிறுத்தம் என்று நினைத்து ஏறிவிடுவார். ஆள் ஏறிவிட்டதால் வண்டி நகர்ந்துவிடும். அடுத்த கடைசி நிறுத்தம் வரும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். புரதத்துக்கு ஒரு வால் முளைத்துவிடும்.

"மத்த ரெண்டும் கறாரான நிறுத்தம் சார். நம்ம மரபணுவோட கடைசியில இருக்கிறது இது. கொஞ்சம் தாட்சண்யம் பார்க்கிற நிறுத்தம். ஓடி வர்ற ஆளைப் பார்த்தா கதவைச் சாத்த மனசு வராது" என்றார் பட்டை மேடம்.

இதை அவர் துறைத்தலைவரிடம் எடுத்துச் சொன்னபோது நானும் உடனிருந்தேன். ஆண்டறிக்கையில் அந்தப் பிரிவின் பக்கத்தை என்ன செய்வது என்று கேட்கப் போயிருந்தேன். புரதம் பிரிக்கும் அறையின் மூலையில் இருந்த கழுவுதொட்டியருகேதான் பேச்சு நடந்தது. ஜெல் வார்க்கும் கண்ணாடித் தட்டுகளைப் பட்டை மேடம் தாமே கழுவுவார். ஒரு கீறல் விழுந்தாலும் ஜெல் கோணலாக ஓடும் என்பதால் வேறு யாரையும் தொட விடமாட்டார். தட்டைக் கழுவிக்கொண்டே அவர் சொல்ல, துறைத்தலைவர் கைகட்டி நின்று கேட்டார். கேட்டு முடித்ததும் மறுத்தார்.

நிறுத்தத்தைத் தாண்டிப் படிப்பது புதிதல்ல, மாணவப் பருவத்திலேயே தாமும் படித்ததுதான் என்றார். ஆனால் அது எப்போதும் ஓரளவு நடந்துகொண்டே இருக்கும். ஒரு வாரம் தாண்டி, மறு வாரம் ஒழுங்காக நின்று, அடுத்த வாரம் மறுபடி தாண்டுவதற்கு பாக்டீரியாவுக்கு நாள்காட்டியா தெரியும் என்று கேட்டார்.

"வாரத்துக்கு வாரம் மாறுறது மனுஷன் கை மட்டும்தான் மேடம். அவர் உங்க வீட்டு ஆளு. உங்க கஷ்டம் எனக்குப் புரியுது."

"முதல்ல வந்து சொன்னதே நான்தான் சார். வீட்டு ஆளுன்னு பார்த்திருந்தா சொல்லியே இருக்க மாட்டேன்."

துறைத்தலைவர் நிலைமையை லேசாக்கும் எண்ணத்தில் சிரித்தார். "சரி. கொப்பரைக்குள்ள வேற கிருமி இல்லை, இது நம்ம பாக்டீரியா தாண்டிப் படிச்சதுதான்னு நீங்க காட்டிட்டா, இந்தத் தட்டையெல்லாம் ஒரு மாசத்துக்கு நான் கழுவுறேன். இவர் சாட்சி" என்று என்னைக் காட்டினார்.

"உங்களுக்குக் கழுவத் தெரியுமா சார்?" என்றார் பட்டை மேடம், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மெலிந்த பட்டையை மட்டும் ஜெல்லிலிருந்து வெட்டியெடுத்து, அணு அணுவாக நிறை பார்க்கும் கருவியுள்ள வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினார். அங்கே அவருடைய பழைய வகுப்புத்தோழி இருந்ததால் வரிசையில் காத்திருக்க நேரவில்லை. விடை தொலைபேசியில் வந்தது. மேலே நின்ற பட்டை இவர்களுடைய புரதமேதான். அதே சங்கிலி, கடைசி நிறுத்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டிரிப்டோஃபான், அதற்குப் பிறகு, மரபணுவில் நிறுத்தத்துக்கு அப்பால் எழுதியிருப்பது அப்படியே வாலாக. வேற்றுக் கிருமியின் சாயல்கூட இல்லை.

பாதி வழி கடந்தாயிற்று. மீதிப் பாதியில்தான் துறைத்தலைவரின் கேள்வி குறுக்கே படுத்திருந்தது. சில வாரங்களில் மட்டும் ஏன்? இதற்கு விடை இல்லாவிட்டால் கொப்பரை அண்ணன் மீதுள்ள சந்தேகம் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வரும். அவருடைய கையில் ஏதோ கோளாறு என்றுதான் பேச்சு நிற்கும்.

விடுமுறை நாள் ஒன்றின் மாலையில் பட்டை மேடம் யாரும் கூப்பிடாமலே கீழே இறங்கிப் போனார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பின்கட்டுப் படியில் அத்தான் உட்கார்ந்து, பழைய கையுறைகளைக் கவிழ்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்துபோய்த் தாமே தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் விருந்தாளிக்குத் தேநீர் போடுவது எப்போதும் அவர்தான்; கை தாராளம்.

பட்டை மேடம் சுற்றி வளைக்காமல், பட்டை தெரிந்த தொகுதிகளை மட்டும் நினைவுகூரச் சொன்னார். அவற்றைக் கலனிலிருந்து இறக்கியபோது ஏதாவது வித்தியாசம் கண்டாரா?

"புளிச்ச வாடை வந்துது. லீவு முடிஞ்சு வந்து தொறக்கிறப்பல்லாம் வரும்" என்றார் அத்தான். இதை எந்தப் பெரிய விஷயமாகவும் அவர் கருதவில்லை. பால் ஆலையில் புளிப்பு என்றால் ஆபத்து. இங்கே கலனில் வேற்றுக் கிருமி எதுவும் இல்லையே, வாடைதானே என்று விட்டுவிட்டாராம்.

"லீவுக்கு முந்தின நாள் ஏத்துற தொகுதிக்கு மட்டும் ஏன் அத்தான் புளிக்குது?"

அவர் சற்று யோசித்தார். யோசிக்க எதுவுமில்லை என்பது போலச் சிரித்தார்.

"அன்னிக்கு மட்டும் சர்க்கரை கொஞ்சம் தாராளமா போடுவேன் சின்னவளே. லீவுல யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. பசியோட கெடக்கக் கூடாதேன்னுதான்."

பட்டை மேடம் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். பாக்டீரியாவுக்குச் சர்க்கரை மிகுந்தால் அது தின்று தின்று அமிலத்தைக் கக்கும். மற்ற நாள்களில் அமிலம் ஏற ஏற அண்ணன் பக்கத்திலிருந்து காரத்தைச் சொட்டுவிட்டுச் சமன் செய்வார். அது பழைய கலன், தானாகச் செய்யாது. விடுமுறையில் சொட்டுவிட ஆளில்லை. அமிலம் ஏறினால் பாக்டீரியாவின் உள்ளேயும் புளிப்பு பரவும். கடைசி நிறுத்தத்தில் சங்கிலியை அவிழ்க்க வேண்டிய நடத்துநருக்குக் கை தளர்ந்துவிடும். ஏற்கெனவே தாட்சண்யம் பார்க்கும் நிறுத்தம். ஓடிவந்தவர் ஏறிக்கொள்ள, வண்டி நகர்ந்துவிட்டது.

"இதை ஏன் அத்தான் யாருக்கும் சொல்லலை?"

"எல்லாரும் கை கழுவினியா, தரை தொடச்சியான்னுதான் கேட்டாங்க. சோறு போட்டியான்னு யாருமே கேக்கலையே."

விடை கிடைத்துவிட்டது, ஆனால் பட்டை மேடத்துக்கு மகிழ்ச்சி வரவில்லை. அசுத்தம் என்ற பழியிலிருந்து அவரை மீட்கும் அதே விடை, அளவை மீறினார் என்ற பழியில் அவரைத் தள்ளிவிடுமே. வாரத்துக்கு வாரம் மாறுவது மனிதன் கை என்று துறைத்தலைவர் சொன்னது மெய்யாகிவிட்டதே. அவருடைய முகத்தைப் பார்த்தே அத்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"சொல்லிடு. சர்க்கரை போட்டேன்னு வேலையை விட்டு அனுப்பினா வெளிய தலை நிமிர்ந்து நடப்பேன். அழுக்குன்னு அனுப்பினாதான் முடியாது."

கதவுக்குப் பின்னால் பாத்திரம் எதுவும் பேசவில்லை.

வெறும் வாய்ச்சொல்லை எடுத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் போகும் வழக்கம் பட்டை மேடத்துக்கு இல்லை. மூன்று சிறிய குடுவைகளில் அதே பாக்டீரியாவை வளர்த்தார்கள். ஒன்றுக்கு அளவான சர்க்கரை. இன்னொன்றுக்கு அத்தானின் கை. மூன்றாவதற்கும் அதே தாராளம்; ஆனால் புளிக்கப் புளிக்கக் காரம் சொட்டுவிட்டுச் சமன் செய்வது. அந்தச் சொட்டை விட்டவர் கொப்பரை அண்ணன்தான். நோயாளியின் தலைமாட்டில் இருப்பவர் போல நாள் முழுவதும் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஜெல்லின் சாயத்தைக் கழுவி எடுக்கும் காலையில் துறைத்தலைவர் வந்தார். என்னையும் சாட்சி என்று வரச் சொல்லியிருந்தார்கள். நீலமாக இருந்த பாளம் தண்ணீரில் ஆட ஆட வெளுத்துக்கொண்டே வந்தது. முதலில் அடர்ந்த பட்டைகள் தெரிந்தன. மூன்று தடத்திலும் ஒன்றுபோல. அதற்கு மேலே வெறுமை. கொப்பரை அண்ணன் முதுகுக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். பட்டை மேடம் தண்ணீரை மாற்றினார். மறுபடி ஆட்டினார். பிறகு பாளத்தை அலுங்காமல் ஏந்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

நடுத் தடத்தில் மட்டும், மேலே, மெலிதாக ஒன்று இருந்தது. முதல் தடத்தில் இல்லை. சர்க்கரை மிகுந்தும் புளிக்காத மூன்றாவதிலும் இல்லை.

துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சர்க்கரை யார் போட்டது என்று கேட்டார். பட்டை மேடம் வாய் திறப்பதற்குள் கொப்பரை அண்ணனே முன்னால் வந்து, தாம்தான் போட்டதாகவும், லீவு நாளில் பசியோடு கிடக்கக் கூடாது என்று போட்டதாகவும், மறைக்கும் எண்ணம் இருந்ததில்லை என்றும் சொன்னார். ஜெல் தட்டை ஆட்டும் பொறி மட்டும் தட்டில்லாமல் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

துறைத்தலைவருக்கு எதுவோ நினைவுக்கு வந்தது. அது அவருடைய முகத்தில் தெரிந்தது. நினைவுக்கு வந்ததை மறைத்திருக்கலாம். கொப்பரை அண்ணனைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

"இந்த அறையை ஒப்படைச்சப்போ நான்தானே அண்ணே சொன்னேன்? சாப்பாட்டு அளவெல்லாம் உங்க கைக்கே தெரியும், பார்த்துப் போட்டுக்கோங்கன்னு."

"சொன்னீங்க சார்."

"அப்ப அதை ஏன் இத்தனை நாளா நீங்க சொல்லலை?"

"நீங்க மறந்திருப்பீங்க. ஞாபகப்படுத்துனா நல்லா இருக்காதுன்னு."

முதலில் சிரித்தவர் பட்டை மேடம்தான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. அப்புறம் துறைத்தலைவர் சிரித்தார். கொப்பரை அண்ணன் சிரிக்கவில்லை. முக்காலியில் போய் உட்கார்ந்து, நெடுநேரம் தூக்கி வைத்திருந்த சுமையைக் கீழே போட்டவர் போலக் கால்களை நீட்டிக்கொண்டார். பிறகு எழுந்து கையைக் கழுவினார்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மரபணுவின் கடைசியில் இருந்த நிறுத்தத்தை மாற்றி, கறாரான ஒன்றை வைத்தார்கள். அதற்குப் பின்னால் நம்பிக்கைக்கு இன்னொன்றும் சேர்த்தார்கள். முதலாவதைத் தாண்டினாலும் இரண்டாவதில் இறங்கித்தான் ஆக வேண்டும். புதிய மரபணுவோடு வந்த முதல் தொகுதியில் பட்டை ஒன்றே ஒன்றாக, கோடு கிழித்தது போல நின்றது. இனிமேல் சர்க்கரையை இஷ்டம் போலப் போடலாமா என்று கொப்பரை அண்ணன் கேட்டதற்கு, "கூடாது சார்" என்று மேடமும், "கூடாது அண்ணே" என்று துறைத்தலைவரும் ஒரே மூச்சில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

மூன்று குடுவைகளின் ஜெல் தெளிந்த அன்று மாலை பட்டை மேடம் வழக்கம்போல மாடிக்குப் போனார். மூன்றாம் படியில் டப்பா இல்லை. முகம் கழுவிவிட்டு, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, கைப்பிடிக் கம்பியில் கரண்டி விழுந்தது. அவர் உடனே எழவில்லையாம். மறுபடி தட்டும் வழக்கமே இல்லாத அக்கா மறுபடி தட்டினார்.

"அடியே, இறங்கி வர்றியா, இல்ல நான் மேல ஏறி வரணுமா? ஆறிப்போவுது."

"வர்றேன்க்கா" என்று இறங்கினாராம். அன்று அத்தான் போட்ட தேநீரை அக்கா வாயில் வைத்துப் பார்த்து, "இதைக் குடிச்சா மனுஷனே புளிச்சுடுவான்" என்றாராம். சமாதானப் பேச்சு அவ்வளவுதான். அதற்குமேல் அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்படவில்லை.

துறைத்தலைவரின் பந்தயத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அவர் மறந்துவிடவில்லை. ஒரு வாரம் கழித்து அந்த அறைக்கு நான் போனபோது, கழுவுதொட்டிக்கு மேலே இருந்த ஆணியில் ஒரு சோடி ரப்பர் கையுறை புதிதாகத் தொங்கிற்று. பட்டை மேடத்தின் கைக்குப் பெரியது. உறை பிரிக்கப்படவில்லை. துறைத்தலைவர் தாமே வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போனாராம். மேடம் அதை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. கழற்றி எறியவும் இல்லை. துறைத்தலைவர் அறைக்கு வரும்போதெல்லாம் அவருடைய கண்கள் அந்த ஆணிக்குப் போய்த் திரும்பும். ஒரு முறை நான் ஜாடையாகக் கேட்டேன். "அவர் கழுவினா நான் இன்னொரு தரம் கழுவணும் சார். எனக்கெதுக்கு ரெட்டை வேலை" என்று முடித்துவிட்டார்.

ஆண்டுகள் போயின. துறைத்தலைவர் ஓய்வு பெற்ற நாளில், பேச்சும் மாலையும் முடிந்தபின், எல்லாப் பிரிவுகளுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார். அவரைப் பற்றி அறிக்கையில் சில வரிகள் எழுத வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். புரதம் பிரிக்கும் அறையில் கடைசியாக நுழைந்தார். பட்டை மேடம் கழுவுதொட்டியருகே நின்றிருந்தார். தொட்டி நிறையக் கண்ணாடித் தட்டுகள். துறைத்தலைவர் எதுவும் சொல்லாமல் சட்டைக் கையை முழங்கைவரை மடித்தார். ஆணியிலிருந்து கையுறையை எடுத்து அதன் உறையைப் பிரித்தார். வயதான ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது, பிரிக்கப் பார்த்தார்.

பட்டை மேடம் அவருக்கும் தொட்டிக்கும் நடுவில் வந்து நின்றார்.

"இன்னிக்குத் தண்ணி வரலை சார். வாங்க, டீ குடிக்கலாம்."

துறைத்தலைவர் அவரை ஒரு கணம் பார்த்தார். கையுறையை அதே ஆணியில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் பின்னால் போனார். நான் கடைசியாகக் கதவைச் சாத்த நின்றேன். மேடத்தின் முதுகு மறைத்திருந்த குழாயிலிருந்து, தட்டுகளின்மேல் தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது.